தங்கச்சிட மகள்ட மார்க்ஸ் உங்களுக்கு ஏன் வருதில்ல?



இரண்டாம் தவணைப் புள்ளிகளை ஒன்லைனில் போட்ட நாளிலிருந்து எங்கள் மூன்று பேருடைய போனுக்கும் ஒரே கேள்விதான் வந்துகொண்டிருக்கிறது. "டீச்சர், எனக்கு மகன்ட மார்க்ஸ் வருது. தங்கச்சிட மகளுக்கு எவ்வளவு எண்டு பார்க்கப் போனா வருதில்லையே, சிஸ்டம் பழுதா?"

பழுதில்லை. அப்படித்தான் அதைச் செய்திருக்கிறோம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிக் கை வலிக்கிறது, அதனால் இங்கே ஒரே தடவையாக எழுதிவிடுகிறோம். கொஞ்சம் நீளும். தேத்தண்ணி ஒன்றை ஊற்றிக்கொண்டு வாசியுங்கள்.

நாங்கள் என்றால் தகவல் தொழினுட்பம் எடுக்கும் இருவரும் கணிதம் படிப்பிக்கும் ஒருவரும். கம்பனிக்காரர் யாருமில்லை. ஆசிரியர் கலாசாலையில் புள்ளிப் பதிவேட்டுக்கு எப்படிக் கோடு போடுவது, வரவு இடாப்பை எப்படிக் கூட்டி முடிப்பது என்றெல்லாம் படிப்பித்தார்கள். டோக்கன் பற்றி ஒருவரும் படிப்பிக்கவில்லை. இரவில் பிள்ளைகள் படுத்த பிறகு வாசித்து வாசித்துப் படித்தோம்.

முன்பு இருந்தது ஓர் எக்ஸல் கோப்பு. நாங்கள் இந்தப் பாடசாலைக்கு மாற்றலாகி வருவதற்கு முன்பே அது இருந்தது. எல்லா ஆசிரியருக்கும் ஒரே பாஸ்வேர்ட்: பாடசாலையின் பெயரும் அது ஆரம்பித்த வருடமும். ஊரில் பாதிப் பேருக்கு ஊகிக்க இயலும். பெயர், சுட்டெண், பாடங்கள், மொத்தம், நிலை என்று போய்க் கடைசி நிரலில் "உதவி" என்று ஒன்று. யதீம் பிள்ளைகள், வாப்பா படுக்கையில் இருக்கும் பிள்ளைகள், கொப்பிக்கும் சப்பாத்துக்கும் பாடசாலை உதவுகிற பிள்ளைகள் எல்லோரும் அந்த நிரலில்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்தக் கோப்பின் படமொன்று ஒரு வகுப்பின் வட்ஸ்அப் குழுவுக்குப் போனது. புள்ளிகளைக் காட்டத்தான் யாரோ எடுத்திருக்கிறார்கள், கடைசி நிரலும் சேர்ந்து விழுந்துவிட்டது. ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளையொன்று எட்டு நாள் பாடசாலைக்கு வரவில்லை. ஒன்பதாம் நாள் உம்மா வந்து ஒப்பீஸ் வாசலில் நின்றார். சத்தம் போடவில்லை. "சேர், அந்தச் சப்பாத்தத் திருப்பித் தாறோம். பேர மட்டும் எடுத்து விடுங்க" என்றார். பிள்ளை பிறகு வந்தது. ஆனால் அதன் பின் உதவிக்கென்று எந்தத் தாளிலும் அந்தக் குடும்பம் கையெழுத்து வைக்கவில்லை.

படத்தை எடுத்தது யார்? இன்றுவரை தெரியாது. தெரியவும் வராது. எல்லோரும் ஒரே பாஸ்வேர்டால் நுழையும் இடத்தில், கம்பியூட்டரைப் பொறுத்தவரை எல்லோரும் ஒரே ஆள்தான்.

அதிபர் எங்களைக் கூப்பிட்டு, "ஆளாளுக்கு ஒரு பாஸ்வேர்ட் வாற மாதிரிச் செய்யுங்க" என்றார். அது பாதி வேலை. நீங்கள் யார் என்று கேட்பது ஒரு கேள்வி, நீங்கள் எதைப் பார்க்கலாம் என்று கேட்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குக் கம்பியூட்டர் பதில் சொல்லும். இரண்டாவதுக்கு மனிதர்கள் உட்கார்ந்து முடிவெடுத்துக் கொடுத்தால்தான் கம்பியூட்டர் சொல்லும். எங்களுக்கு மாதக்கணக்கில் இழுத்தது அந்த இரண்டாவதுதான்.

முதலில் டோக்கனைச் சொல்லிவிடுகிறோம்.

இ.போ.ச. பஸ்ஸில் பிள்ளைகள் காட்டும் சீசன் எல்லோருக்கும் தெரியும். டிப்போவுக்கு ஒருநாள் போய், நான் இன்னார், இன்ன பாடசாலை என்று நிரூபித்துச் சீசன் எடுக்கிறோம். அதில் பெயர் இருக்கும், எங்கிருந்து எங்கே என்று இருக்கும், எந்த மாதம் என்று இருக்கும், முத்திரை இருக்கும். பிறகு ஒவ்வொரு நாளும் கொண்டக்டர் டிப்போவுக்குப் போன் எடுத்து விசாரிப்பதில்லை. முத்திரையைப் பார்ப்பார், மாதத்தைப் பார்ப்பார், வழியைப் பார்ப்பார். சரியென்றால் ஏறலாம்.

எங்கள் சிஸ்டத்தில் நீங்கள் சுட்டெண்ணும் பாஸ்வேர்டும் போடுவது டிப்போவுக்குப் போவது. ஒருமுறைதான். அந்தப் பாஸ்வேர்ட் எங்களிடம் எழுத்தாக இல்லை. பிகிரிப்ட் என்ற முறையில் அரைத்த மாவாகத்தான் இருக்கிறது, மாவிலிருந்து அரிசியைத் திருப்பி எடுக்க இயலாது. "என்ட பாஸ்வேர்ட் என்ன எண்டு பார்த்துச் சொல்லுங்க டீச்சர்" என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். புதிதாக ஒன்று போட்டுத்தர மட்டும்தான் எங்களால் இயலும்.

பாஸ்வேர்ட் பொருந்தினால் சேர்வர் ஒரு டோக்கன் தரும். அதன் பிறகு நீங்கள் எந்தப் பக்கத்தைத் தொட்டாலும் உங்கள் போன் அந்த டோக்கனைக் காட்டித்தான் உள்ளே போகிறது. இந்த வகை டோக்கனுக்கு ஜே.டபிள்யு.டி. என்று பெயர், 2015 மே மாதம் ஆர்.எஃப்.சி. 7519 என்ற இலக்கத்தில் அதன் விதிமுறை வெளியானது. பார்த்தால் ஒரு நீண்ட எழுத்துக் குவியல். இடையில் இரண்டு புள்ளி வைத்து மூன்று துண்டாக இருக்கும். முதல் துண்டு எந்த முறையில் முத்திரை குத்தியது என்று சொல்லும். நடுத்துண்டு ஆள் யார், எத்தனை மணிக்குக் காலாவதி என்று சொல்லும். மூன்றாவது முத்திரை. முன் இரண்டு துண்டையும் சேர்வரில் மட்டும் இருக்கும் ரகசியச் சாவியோடு சேர்த்துக் கணித்து வருவது அது. நடுவில் ஓர் எழுத்தை மாற்றினாலும் முத்திரை பொருந்தாது.

இங்கே பலருக்கும் ஒரு தவறான விளக்கம் இருக்கிறது. அந்த எழுத்துக் குவியலைப் பார்த்தால் பூட்டிய பெட்டி மாதிரித் தெரியும். பூட்டவே இல்லை. பேஸ்64 என்ற முறையில் எழுத்துகளை வேறு எழுத்தாக எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். கம்பியூட்டர் கொஞ்சம் தெரிந்த எந்தப் பிள்ளையும் ஒரு நிமிடத்தில் வாசித்துவிடும். சீசனில் இருப்பதைப் பக்கத்து சீட்டில் இருப்பவரும் வாசிக்கலாம், ஆனால் மாற்றி எழுத இயலாது. ஆகவே டோக்கனுக்குள் ஆளின் இலக்கம், பொறுப்பு, காலாவதி நேரம் மட்டும் வைத்தோம். பெயரைக்கூட வைக்கவில்லை.

இன்னொன்று. போன் இந்த டோக்கனை அனுப்பும்போது அதற்கு முன்னால் 'பெயரர்' என்றொரு சொல்லும் சேர்ந்து போகிறது. செக் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். கொண்டுவருபவருக்குக் கொடு என்று அர்த்தம். கையில் வைத்திருப்பவர்தான் ஆள். கீழே விழுந்த சீசனை எடுத்த பிள்ளை அந்த மாதம் முழுக்கப் போகலாம் என்றால் அது பெரிய ஓட்டை. அதற்காக இரண்டு டோக்கன் வைத்தோம். புள்ளியைக் காட்டும் அக்ஸஸ் டோக்கனுக்கு ஆயுள் 15 நிமிடம். அது முடியும்போது புதிது எடுத்துத் தரும் ரிஃப்ரெஷ் டோக்கனுக்கு ஏழு நாள். இரண்டாவதை நாங்கள் பதிந்து வைத்திருக்கிறோம், தேவைப்பட்டால் நடுவில் ரத்துச் செய்யலாம். போன மாதம் டீச்சர் ஒருவர் போனை பஸ்ஸில் தவறவிட்டார். பக்கத்து வீட்டுப் போனிலிருந்து எங்களுக்குச் சொன்னார், ரத்துச் செய்தோம். அதிகம் போனால் அடுத்த 15 நிமிடத்தோடு அந்தப் போனால் பிரயோசனமில்லை. போன் கிடைக்கவில்லை, அது வேறு கவலை.

ஏழு நாளைக்கு ஒருக்கா மீண்டும் பாஸ்வேர்ட் கேட்கிறது என்று முறையிடுபவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

இனி அனுமதி.

ஆரம்பத்தில் லேசான வேலை என்றுதான் நினைத்தோம். அதிபர், பகுதித் தலைவர், வகுப்பாசிரியர், பாட ஆசிரியர், பெற்றோர். ஐந்து பொறுப்பு, ஆளுக்கொரு வாசல். தாளில் வரையத் தொடங்கியதும் போதாது என்று விளங்கியது. வகுப்பாசிரியர் என்றால் எந்த வகுப்புக்கு? பெற்றோர் என்றால் யாருடைய பெற்றோர்? பொறுப்பை மட்டும் பார்த்து வாசலைத் திறந்தால், பெற்றோராக நுழையும் எல்லோரும் எல்லாப் பிள்ளையையும் பார்ப்பார்கள். ஆகவே ஒவ்வொரு தடவையும் சேர்வர் இரண்டைக் கேட்கிறது: இவர் யார், கேட்கப்படும் பிள்ளைக்கு இவர் என்ன உறவு. உறவு டோக்கனில் இல்லை, டேட்டாபேஸில் இருக்கிறது. வகுப்பு மாறினால் அதே நிமிடம் மாற வேண்டும் என்பதற்காக.

இதைச் சேர்வரில் கேட்பதுதான் முக்கியம். திரையில் பட்டனை மறைத்துவிட்டு வேலை முடிந்தது என்று இருக்கும் சிஸ்டங்களை நாங்களே பாவித்திருக்கிறோம். மேலே முகவரியில் 1432 என்ற இலக்கத்தை 1433 என்று மாற்றினால் அடுத்த பிள்ளை வந்து நிற்கும். இது சின்னப் பிழை என்று நினைக்க வேண்டாம். இணையச் செயலிகளின் பாதுகாப்பைப் பற்றி எழுதும் ஓவாஸ்ப் அமைப்பு 2021 இல் வெளியிட்ட பத்துப் பெரிய ஆபத்துகளின் பட்டியலில் முதலிடம் இந்த அனுமதி விவகாரத்துக்குத்தான். 2017 பட்டியலில் அது ஐந்தாவதாக இருந்தது.

உயர்தரத் தொழினுட்பப் பிரிவுப் பையன்கள் மூவரைக் கூப்பிட்டு, பொய்ப் பெயர்கள் போட்ட ஒரு பிரதியைக் கொடுத்து, "உடைச்சுக் காட்டுங்க பார்ப்பம்" என்றோம். பரீட்சைக்குக்கூட அவ்வளவு உற்சாகமாக உட்கார்ந்ததில்லை. இலக்கத்தை மாற்றிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. டோக்கனின் நடுத்துண்டைப் பிரித்து 'பெற்றோர்' என்பதை 'அதிபர்' என்று எழுதி அனுப்பினார்கள், முத்திரை பொருந்தாமல் 401 என்று திரும்பியது. ஒருவன் எங்கோ வாசித்துவிட்டு, முதல் துண்டில் 'முத்திரை முறை: ஒன்றுமில்லை' என்று எழுதி முத்திரையே இல்லாமல் அனுப்பினான். ஒரு காலத்தில் சில நிரல் நூலகங்கள் அதையும் ஏற்றுக்கொண்டன என்பது உண்மை. எங்கள் சேர்வரில் எந்த முறை மட்டும் செல்லும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்ததால் அதுவும் திரும்பியது. மூன்றாமவன் கம்பியூட்டரைத் தொடவே இல்லை. ஆசிரியர் அறைக்குப் போய், "டீச்சர், கல்குலேட்டருக்கு உங்கட போனக் கொஞ்சம் தாறீங்களா?" என்று கேட்டிருக்கிறான். டீச்சரும் கொடுத்துவிட்டார். பையன் நேரே எங்களிடம் வந்து போனை மேசையில் வைத்தான். புள்ளியை மாற்றும் பக்கத்தைத் திறக்க ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்ட் கேட்பதற்குக் காரணம் அவன்தான். ஆசிரியர்கள் ஏசுவதென்றால் அவனை ஏசுங்கள், மூன்றாம் வரிசையில் இருப்பான்.

அனுமதி இல்லாத பிள்ளையைக் கேட்டால் "உங்களுக்கு அனுமதி இல்லை" என்று வருவதில்லை, "அப்படியொரு பக்கம் இல்லை" என்றுதான் வரும். 403 க்குப் பதிலாக 404. வேண்டுமென்றே செய்தது. அனுமதி இல்லை என்று சொன்னால், அந்த இலக்கத்தில் ஒரு பிள்ளை இருக்கிறது என்று சொன்னதாகிறது. அதனால்தான் உங்களுக்குப் பழுது மாதிரித் தெரிகிறது.

உறவைப் பதிவதுதான் கடினம். எங்கள் ஊரில் பிள்ளைக்கு உம்மாவும் வாப்பாவும் ஒரே வீட்டில் இருந்தால் அது லேசான கணக்கு. வாப்பா கட்டாரில் என்றால் அவருக்குத் தனியாக ஒரு கணக்கு. மனைவியின் பாஸ்வேர்டைப் பாவிக்க வேண்டாம் என்று அதனால்தான் சொல்கிறோம். வேலைக்குப் போக முதல் தினமும் மகளின் வரவைப் பார்க்கிற வாப்பா ஒருவர் இருக்கிறார். அங்கே நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால், ஆகவே அவர் பார்க்கும்போது இங்கே முதலாம் பாடம் முடிந்திருக்கும். ஒருநாள் வரவு பதியத் தாமதமானபோது எங்களுக்கு ஓடியோ அனுப்பினார். பிள்ளைக்கு என்ன என்று கேட்ட அந்தக் குரலைக் கேட்ட பிறகு நாங்கள் வரவைத் தாமதமாகப் பதிய விடுவதில்லை.

உம்மா சவூதியில் வீட்டு வேலைக்குப் போய், பிள்ளை உம்மும்மாவிடம் வளர்ந்தால்? உம்மும்மாதான் பொறுப்பாளர். அவருக்குப் போன் பாவிக்கத் தெரியாது, எழுத்தும் தெரியாது. பாடசாலைக்கு வந்தால் வகுப்பாசிரியர் தன் திரையில் எடுத்து வாசித்துக் காட்டுவார். முகம்தான் அவருடைய டோக்கன்.

பிரிந்து வாழும் பெற்றோர் விடயத்தில் இரு பக்கமும் எங்களிடம் வந்திருக்கிறார்கள். நாங்கள் மூவரும் அதில் முடிவெடுக்க மாட்டோம். நீதிமன்றக் கட்டளை ஏதாவது இருந்தால் அதிபரிடம் கொடுங்கள், அதன்படி நடக்கும். ஒன்றும் இல்லாவிட்டால் இருவருக்கும் கணக்கு உண்டு. இதில் எங்களோடு கோபித்துக்கொண்டவர்கள் இதை வாசிக்கிறார்கள் என்று தெரியும். சலாம் சொல்லிக்கொள்கிறோம்.

சாச்சி, மாமி, மூத்தம்மா, ரியூசன் சேர், கல்யாணம் பேச வந்தவர்கள், இவர்கள் யாருக்கும் கணக்கு இல்லை. கடைசி ஆட்களை விளையாட்டுக்கு எழுதவில்லை. உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளையின் புள்ளியைக் கேட்டு, "நல்ல இடம், விசாரிக்கத்தான்" என்று ஒருவர் உண்மையாகவே வந்தார்.

இப்போது அந்தக் கடைசி நிரலுக்கு வருகிறோம்.

"உதவி" நிரலை யார் பார்க்கலாம் என்று மூன்று கூட்டம் பேசினோம். அதிபர் மட்டும் என்று முதலில் முடிவானது. பிறகு வழிகாட்டல் ஆசிரியரும் என்றார்கள், பிறகு பகுதித் தலைவர்களும் என்றார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம் இருந்தது. அந்த இடத்தில் எங்களில் ஒருவர் உண்மையைச் சொன்னார்: திரையில் யாருக்கு மறைத்தாலும் டேட்டாபேஸைத் திறக்கும் எங்கள் மூவருக்கும் அது தெரியும். எங்களுக்குப் பின் இந்த வேலையைச் செய்ய வருபவருக்கும் தெரியும். எந்தப் பிள்ளைக்குச் சப்பாத்து கொடுத்தது என்று எங்களுக்கு ஏன் தெரிய வேண்டும்?

அந்த நிரலை நாங்கள் சிஸ்டத்தில் சேர்க்கவே இல்லை. அது இப்போது ஒரு சி.ஆர். கொப்பியில், அதிபரின் அலுமாரியில், பூட்டுக்குள் இருக்கிறது. டோக்கனும் இல்லை, சேர்வரும் இல்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறுவர்களின் தரவை விசேட வகையில் வைக்கிறது என்று அதிபருக்கு எடுத்துக் காட்டினோம். அவர் சட்டத்தை வாசித்து முடிக்கவில்லை. "அந்தப் புள்ளட உம்மா இதே இடத்திலதானே நிண்டவ" என்று சாவியை எடுத்துப் பொக்கட்டில் போட்டுக்கொண்டார்.

பிறகு ஒருநாள் சப்பாத்துக்குக் காசு தருகிற ஹாஜியார் ஒருவர் வந்து, தனக்கும் ஒரு லொகின் வேண்டும், யார் யாருக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும் என்றார். காசு கொடுப்பவர் கேட்பதில் நியாயம் இல்லை என்று சொல்ல இயலாது. ஊரில் அவருக்கு இல்லை என்று சொன்னவர்களும் குறைவு. அதிபர் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, எத்தனை பிள்ளை, எத்தனை சோடி, எந்தக் கடையில் என்ன விலை, மிச்சம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிப் பற்றுச்சீட்டுகளையும் வைத்தார். பெயர் இல்லை. "பேர் அமானிதம் ஹாஜியார், அதக் கேக்காதீங்க" என்றார். ஹாஜியார் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். இரண்டு மாதம் எங்களைக் கண்டால் பார்க்காத மாதிரிப் போனார். ஜனவரியில் வழமை போலக் காசு வந்தது. கூடவே ஒரு துண்டு: கடைப் பற்றுச்சீட்டு மட்டும் அனுப்பினால் போதும்.

இன்னும் ஒரு விடயம் முடிவாகவில்லை. உயர்தரத்தில் 18 வயது நிறைந்த பிள்ளைகள் சிலர், தங்கள் பக்கத்தை யார் யார் எப்போது திறந்து பார்த்தார்கள் என்று தங்களுக்கும் காட்ட வேண்டும் என்று கேட்கிறார்கள். அந்தப் பதிவு எங்களிடம் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் யார் பார்த்தது என்று சேர்வர் எழுதி வைக்கிறது, பழைய கோப்பில் இல்லாமல் போனது அதுதான். பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று எங்களில் இருவர். ஆசிரியர்களுக்கு மனக்கஷ்டம் வரும் என்று ஒருவர். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் உங்களிடமும் கேட்போம்.

பாஸ்வேர்ட் மறந்தவர்கள் செவ்வாய், வியாழன் பகல் 1.30 க்குப் பிறகு ஒப்பீஸுக்கு வாருங்கள். அடையாள அட்டையும் கொண்டு வாருங்கள், ஊரில் எல்லோருக்கும் உங்களைத் தெரிந்திருந்தாலும். போனைச் சார்ஜ் பண்ணிக்கொண்டு வாருங்கள். ஒப்பீஸில் இருப்பது ஒரேயொரு பிளக், அதில் கேத்தல் ஓடிக்கொண்டிருக்கும்.